சுக்கு

கோல கெட்டில் கிளினிக்கில்
என் நம்பர் நூற்றுப் பதினேழு.
விடியுமுன் போய்ச் சீட்டு எடுத்தவளைப்
பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள்.
உள்ளே இருந்தது ஆறு நிமிடம்.
அதில் நான்கு நிமிடம்
மிஸ்ஸி நோர்லைலா கம்ப்யூட்டரில் தட்டினாள்.
நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன்.
வெளியே இன்னும் நாற்பது பேர்.

மாத்திரைப் பையை நீட்டும்போது
சுவரில் இருந்த தட்டுப் படத்தைக் காட்டி
"சுக்கு சுக்கு செபாரோ, ஆன்ட்டி. ஃபாஹாம்?" என்றாள்.
ஃபாஹாம் என்றேன்.

பாசார் மலாயில் மீனுக்கு விலை கேட்பேன்,
லாரிக்காரனைத் திட்டுவேன்.
அவள் சொன்ன சொல்லில்
யாரும் எனக்கு எதையும் விற்றதில்லை.

போகிற வழியில் ஆ செங் கடையில்
ஐந்து வெள்ளிக்குச் சுக்கு வாங்கினேன்.
இடித்து, கொதிக்கவைத்து,
இரண்டு சுக்கு என்றாளே என்று
காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை.
காரம் தொண்டையில் நின்றதால்
கூலா மெலாக்கா ஒரு துண்டு போட்டேன்.
நம் வைத்தியத்தை அரசாங்கமே
சுவரில் ஒட்டியிருக்கிறதே என்று
கொஞ்சம் பெருமை வேறு.

மூன்று மாதம் கழித்து
பதினொன்று, பன்னிரண்டு புள்ளி நான்கு ஆகியிருந்தது.
மிஸ்ஸி சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

பெட்டாலிங் ஜெயாவில்
என் நாத்தனார் சுலோசனாவுக்கும் இனிப்பு நீர்.
அவளுக்கு எட்டு வகுப்பு,
தமிழ் பேசும் டயட்டீஷியன், குளிர்சாதன அறை.
மேசையில் ரப்பரில் செய்த சோறு,
ரப்பரில் செய்த கெம்போங் மீன், ரப்பர் இட்லி.
மூன்று தலைமுறை ரப்பர் சீவிய குடும்பத்தில்
ரப்பர் இட்லியைத் தொட்டுப் பார்த்தவள்
அவள் ஒருத்திதான்.
கால் விரல் இடுக்கைத் துடைப்பது எப்படி என்று
ஒரு முழுக் காலைப்பொழுது சொல்லிக்கொடுத்தார்களாம்.

சுங்கை பட்டாணியிலும் வகுப்பு இருக்கிறது,
புதன்கிழமை ஒன்பது மணிக்கு.
எங்கள் ரெண்டாம் டிவிஷனிலிருந்து
பெரிய ரோட்டுக்கு நான்கு கட்டை.
பஸ் எட்டரைக்கு, வந்தால்.
பெரட்டில் என் பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை.
எட்டுப் புதனை விரலில் எண்ணிப் பார்த்தேன்,
அப்புறம் எண்ணவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம்
போனில் சுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன்.
சுலோசனா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.
"சுக்கு இல்லடி, கால்!
கால் தட்டு சோறு, கால் தட்டு மீன்,
பாதித் தட்டு காய்.
கால், கால், பாதி."

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றினேன்.
காலுறை நனைந்திருந்தது.
கட்டைவிரலுக்குக் கீழே செம்பனை முள்,
அரை விரல் நீளம்.
எப்போது ஏறியதோ.
காலையில் உதிரிப் பழம் பொறுக்கியபோதா?
முந்தின நாளா?
வலிக்கவே இல்லை.

"என்னடி, சத்தமே காணோம்?"
"ஒண்ணுமில்ல. கால்தான்."
"ஆமா, கால். மறந்துடாதே."

மறுநாள் பத்து மணிச் சாப்பாட்டுக்கு
தூக்குச்சட்டியைத் திறந்தேன்.
ஆழமான சட்டி. கீழே சோறு, மேலே குழம்பு.
அதில் கால் எது, பாதி எது?
குலைக் காம்பில் எண் போடும் மெழுகுப் பென்சிலால்
மூடியின் உட்பக்கம் இரண்டு கோடு இழுத்தேன்.
சோறு அந்தச் சின்ன மூலைக்குள் நிற்கவில்லை.
வெளியே தள்ளிய சோற்றை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வண்டி தள்ளுகிறவளுக்கு இது போதுமா என்று
எந்தப் படத்திலும் எழுதவில்லை.

பக்கத்தில் குலை வெட்டும் ரூபெல்,
டாக்காவுக்கு அப்பால் ஏதோ ஆற்றங்கரை ஊர்க்காரன்.
ராத்திரி ஐந்து தடவை எழுந்திருக்கிறேன் என்று
போன வாரம் சொன்னவன்.
கிளினிக் அட்டைகூட இல்லாதவன்.
அது என்ன கோடு என்று கேட்டான்.

"சுக்கு சுக்கு செபாரோ," என்றேன்.

"ஃபாஹாம்," என்று தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலை
எனக்குத் தெரியும்.